கவிழும் ஆட்சிகளும் ஆங்கிலச் சொற்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலச் சொல்வளம் பெருக எத்தனையோ வழி இருக்க, அரசியல் கொந்தளிப்புச் செய்திகளை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

கதை முன்பே தெரியும் என்பதுதான் முதல் வசதி. ஒரு நாட்டின் அதிபர் பதவி இழந்தால் தமிழ் நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போடுகின்றன. தொலைக்காட்சியில் நாள் முழுக்க அதே பேச்சு. யார் யாரை எதிர்த்தார்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு ஆங்கிலச் செய்திக்குள் நுழைபவருக்குப் புதிய சொல்லின் பொருளில் பாதி தானாகவே புலப்பட்டுவிடும். மீதிப் பாதிக்குத்தான் அகராதி.

இன்னொன்று, சொற்கள் திரும்பத் திரும்ப வருவது. கொழும்பில் 2022-இலும், டாக்காவில் 2024-இலும், காத்மாண்டுவில் 2025-இலும் ஆட்சி கவிழ்ந்தது. காரணங்கள் வேறு, ஆட்கள் வேறு. ஆனால் செய்தியாளர்கள் எழுதிய ஆங்கிலம் ஏறக்குறைய ஒன்றே: ஊரடங்கு, முற்றுகை, துப்பாக்கிச் சூடு, பதவி விலகல், தப்பியோட்டம், இடைக்கால அரசு, தேர்தல். ஒரு நாட்டுக் கதையை ஒழுங்காகப் படித்து முடித்தவர் அடுத்த நாட்டுக் கதையில் அதிகம் தடுமாற மாட்டார்.

அப்படியானால் நூறு சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்று தந்துவிடலாமே?

தரலாம், மறுவாரமே மறந்தும் போகலாம். பட்டியலில் 'ரிசைன்', 'ஸ்டெப் டவுன்', 'அவுஸ்ட்', 'ரிமூவ்', 'ஃப்ளீ' எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் எதிரே 'பதவி விலகல்' அல்லது அதைப் போன்ற ஒன்று எழுதியிருக்கும். தானே போனாரா, போகவைத்தார்களா, நீதிமன்றம் அனுப்பியதா, இரவோடிரவாக ஓடினாரா என்ற வேறுபாட்டைச் சொல்லத்தான் ஆங்கிலத்தில் இத்தனை வினைச்சொற்கள் இருக்கின்றன. அந்த வேறுபாடு நிகழ்வோடு சேர்த்துப் படித்தால்தான் மனத்தில் நிற்கும். ஆகவே என் ஆலோசனை இதுதான்: ஒரே ஒரு நிகழ்வைப் பிடித்துக்கொண்டு, அதன் முதல் நாள் முதல் கடைசி நாள் வரை படியுங்கள்.

எந்த நிகழ்வை எடுத்துக்கொள்வது?

முடிந்துபோன ஒன்றை. நடந்துகொண்டிருக்கும் நிகழ்வில் செய்தியே மணிக்கொரு முறை மாறும்; சொல்லைக் கவனிக்க நேரம் இருக்காது.

நான் பரிந்துரைப்பது தென்கொரியா. 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணியை ஒட்டி அதிபர் யூன் சுக் இயோல் தொலைக்காட்சியில் தோன்றி நாட்டில் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அரசுக்கு எதிரான சக்திகளை ஒடுக்கவே இது என்றார். படைவீரர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஜன்னலை உடைத்து உள்ளே நுழைந்தார்கள். சபாநாயகரும் எதிர்க்கட்சித் தலைவர் லீ ஜே மியுங்கும் சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து அவைக்குப் போனார்கள். நள்ளிரவு தாண்டி ஒரு மணிவாக்கில், 300 உறுப்பினர்களில் வந்துசேர முடிந்த 190 பேரும் ஒருமனதாக அந்தச் சட்டத்தை விலக்கக் கோரி வாக்களித்தனர். பெரும்பான்மை கேட்டால் அதிபர் இணங்கியே தீர வேண்டும் என்பது அந்நாட்டு அரசியல் சாசனம். விடியும் முன்னரே சட்டம் விலக்கப்பட்டது. பிறகு பதவிநீக்கத் தீர்மானம், கைது, வழக்கு, அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு, 2025 ஜூன் 3 தேர்தல் என ஆறு மாதம் ஓடியது.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம், தெருப் போராட்டம், இராணுவம், நாடாளுமன்றம், நீதிமன்றம், தேர்தல் என எல்லாத் துறைச் சொற்களும் ஒரே கதையில் கிடைக்கின்றன. உயிர்ப்பலி இல்லாமல் முடிந்த இரவு அது என்பதால் வகுப்பில் வைத்துப் படிக்கவும் தயக்கமில்லை.

அந்த முதல் இரவுச் செய்தியில் எந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும்?

'டிக்ளேர்', 'இம்போஸ்', 'டிஃபை', 'லிஃப்ட்' என்ற நான்கு வினைகளிலேயே அந்த இரவு முழுவதும் அடங்கிவிடுகிறது. அதிபர் இராணுவச் சட்டத்தை 'டிக்ளேர்' செய்தார். அதாவது வாயால் அறிவித்தார். மக்கள் மீது அது 'இம்போஸ்' செய்யப்பட்டது, அதாவது சுமத்தப்பட்டது. உறுப்பினர்கள் தடையை 'டிஃபை' செய்தார்கள், தெரிந்தே மீறினார்கள். கடைசியில் 'லிஃப்ட்' ஆனது. தடை, ஊரடங்கு, அவசரநிலை எதுவானாலும் ஆங்கிலத்தில் அதைத் தூக்குகிறார்கள். நாம் விலக்குகிறோம், தளர்த்துகிறோம். 'லிஃப்ட்' என்பதற்குப் பதில் 'ரிசின்ட்' என்றும் எழுதுவார்கள். இன்னும் சட்டத்தொனி கொண்ட சொல். எழுத்தில் 'எஸ்'ஸுக்குப் பின் ஒரு 'சி' இருக்கும், உச்சரிப்பில் அது தனியாகக் கேட்காது.

'மார்ஷல் லா' என்பதில் வரும் 'மார்ஷல்' போர்த்தொழிலைக் குறிக்கும் அடைமொழி. பதவிப் பெயரான 'மார்ஷல்' வேறு எழுத்துக்கோவை. ஒலி ஒன்றே என்பதால் எழுதும்போது மாணவர்கள் தடுமாறும் இடம் இது.

'இம்பீச்' என்றால் பதவி நீக்கம்தானே?

இல்லை. தமிழில் இதைச் சுருக்கமாகப் 'பதவி நீக்கம்' என்று எழுதிவிடும் பழக்கம் இருப்பதால் இந்தக் குழப்பம் வேரூன்றிவிட்டது. இதற்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

'இம்பீச்' என்பது பதவியில் இருப்பவர் மீது சட்டமன்றம் முறைப்படி குற்றம் சாட்டுவது. விசாரணையும் முடிவும் அதற்குப் பிறகு. யூன் மீதான முதல் வாக்கெடுப்பு டிசம்பர் 7 அன்று நடந்தது. 200 வாக்குகள் தேவை. ஆளுங்கட்சியினரில் மிகப் பலர் 'பாய்காட்' செய்து வெளியேறியதால் தோற்றது. டிசம்பர் 14 அன்று 204 வாக்குகளுடன் நிறைவேறியது. அன்றைய ஆங்கிலச் செய்தி அவர் 'இம்பீச்டு' என்றது. கூடவே 'சஸ்பெண்டட்' என்றது. அதிகாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன, பதவி இன்னும் போகவில்லை. 2025 ஏப்ரல் 4 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகளும் ஒருமித்து அந்தத் தீர்மானத்தை 'அப்ஹோல்டு' செய்தார்கள், அதாவது அது செல்லும் என்றார்கள். அந்த நிமிடம்தான் அவர் 'ரிமூவ்டு'.

இதே நாட்டில் 2004 மார்ச்சில் ரோ மூ ஹியுன் 'இம்பீச்' செய்யப்பட்டார். மே மாதம் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, அவர் நாற்காலிக்குத் திரும்பினார். 2016 டிசம்பரில் 'இம்பீச்' செய்யப்பட்ட பார்க் கியுன் ஹே 2017 மார்ச்சில் பதவியிழந்தார். அமெரிக்காவின் டொனால்ட் டிரம்ப் தம் முதல் பதவிக்காலத்தில் இரண்டு முறை 'இம்பீச்' ஆனார். இரண்டு முறையும் செனட் அவரை விடுவித்தது. அங்கே வரும் சொல் 'அக்விட்'. ஆக, 'இம்பீச்' என்று படித்தவுடன் 'ஆள் போய்விட்டார்' என்று முடிவுகட்டாமல் அடுத்த வாக்கியத்தைத் தேடுங்கள்.

'ஆக்டிங்', 'இன்டரிம்', 'கேர்டேக்கர்' மூன்றும் ஒன்றா?

தமிழில் மூன்றையும் 'இடைக்கால' என்று எழுதி ஒப்பேற்றிவிடுகிறோம். உரியவர் இல்லாதபோதோ இடைநீக்கத்தில் இருக்கும்போதோ அவர் வேலையைப் பார்ப்பவர் 'ஆக்டிங்'. இலங்கைத் தமிழில் இதற்குப் 'பதில் ஜனாதிபதி' என்று நல்ல வழக்கு உண்டு. அடுத்த ஏற்பாடு வரும்வரை புதிதாக அமர்த்தப்படுவது 'இன்டரிம்'. 2024 ஆகஸ்ட் 8 அன்று வங்கதேசத்தில் முகமது யூனுஸ் தலைமையில் அமைந்தது அது. பதவி விலகிய அரசே அன்றாட அலுவலை மட்டும் கவனித்துக்கொண்டு நீடித்தால் 'கேர்டேக்கர்', நம் நாளிதழ்களின் பழைய 'காபந்து'. 1979 ஆகஸ்டில் விலகிய சரண் சிங் 1980 ஜனவரி வரை காபந்துப் பிரதமராக இருந்தார்.

கொரியாவில் 'ஆக்டிங்' பதவியே நாற்காலி விளையாட்டாக மாறியது. யூனுக்குப் பதிலாக வந்த பிரதமர் ஹான் டக் சூ இரண்டு வாரத்துக்குள் தாமும் 'இம்பீச்' ஆனார். நிதியமைச்சர் சோய் சாங் மோக் அந்த இடத்துக்கு வந்தார். மார்ச் 24 அன்று நீதிமன்றம் ஹானை 'ரீஇன்ஸ்டேட்' செய்தது. மீண்டும் அதே பதவியில் அமர்த்தியது. மே தொடக்கத்தில் ஹான் தேர்தலில் நிற்பதற்காக விலகினார். சோயும் அதே இரவில் விலகினார். கல்வியமைச்சர் லீ ஜு ஹோ பொறுப்பேற்றார். ஐந்து மாதத்துக்குள் இத்தனை பேர் மாறியதால் 'ரீஇன்ஸ்டேட்' என்ற சொல்லை இந்தக் கதையில் படித்தவர் மறக்க வழியே இல்லை.

கைது தொடர்பான சொற்கள் தலைசுற்ற வைக்கின்றன. வரிசைப்படுத்த முடியுமா?

யூனின் வழக்கே வரிசை சொல்லிவிடும். முதலில் 'வாரன்ட்'. 2025 ஜனவரி 3 அன்று அதை எடுத்துக்கொண்டு போன அதிகாரிகளை அதிபரின் மெய்க்காவல் படை மணிக்கணக்கில் மறித்தது. இந்த மாதிரி இரு தரப்பும் நகராமல் நிற்பதை 'ஸ்டாண்ட்ஆஃப்' என்பார்கள். ஜனவரி 15 அன்று 'டிட்டெய்ன்' செய்யப்பட்டார், அதாவது பிடித்து வைக்கப்பட்டார். ஜனவரி 19 அன்று நீதிமன்ற ஆணையுடன் முறைப்படி 'அரெஸ்ட்'. ஜனவரி 26 அன்று 'இன்டைட்': குற்றப்பத்திரிகை. இந்தச் சொல்லிலும் எழுத்தில் ஒரு 'சி' ஒளிந்திருக்கிறது. 'இன்டிக்ட்' என்று படிப்பவர்கள் நிறைய. குற்றம் நிரூபணமானால் வருவது 'கன்விக்ட்'. 'இன்டைட்' வரை வந்தவர் குற்றவாளி அல்லர், குற்றம் சாட்டப்பட்டவர் மட்டுமே.

குற்றம் நிரூபணமாகும்வரை செய்தியாளர்கள் 'அலெஜ்டு', 'ரிப்போர்ட்டட்லி' போன்ற சொற்களைப் போட்டுக்கொண்டே போவதும் இதனால்தான். நம் நாளிதழ்களின் 'என்று கூறப்படுகிறது' செய்யும் வேலையை அவை செய்கின்றன. அவற்றைத் தாண்டிப் படித்தால் சந்தேகம் உறுதியாகிவிடும், செய்தியே மாறிவிடும்.

ஆட்சியை இழப்பதற்கு ஏன் இத்தனை வினைச்சொற்கள்?

இலங்கையின் 2022 ஜூலையைப் பாருங்கள். 9-ஆம் தேதி மக்கள் கொழும்பில் அதிபர் மாளிகைக்குள் திரண்டு புகுந்தார்கள், ஆங்கிலத்தில் 'ஸ்டார்ம்டு'. 13-ஆம் தேதி கோத்தபய ராஜபக்ச இராணுவ விமானத்தில் மாலத்தீவுக்குப் போனார்; 'ஃப்ளெட்'. இது 'ஃப்ளீ' என்பதன் இறந்தகாலம். பறப்பதற்கான 'ஃப்ளை'க்கும் இதற்கும் தொடர்பில்லை, அவர் பறந்துதான் போனார் என்றாலும். அங்கிருந்து சிங்கப்பூர் சேர்ந்து மின்னஞ்சலில் கடிதம் அனுப்பினார்; 'ரிசைன்டு'. சபாநாயகர் 15-ஆம் தேதி அதை ஏற்றதாக அறிவித்தார், 'அக்செப்டட்'. அன்றே ரணில் விக்கிரமசிங்க பதில் ஜனாதிபதியாக 'ஸ்வோர்ன் இன்'.

ஆக, சட்டப்படி அவர் 'ரிசைன்' செய்தவர். ஆனால் பிற்பாடு எழுதப்பட்ட கட்டுரைகளில் 'அவுஸ்டட்' என்ற அடைமொழியுடன் அவரைக் காணலாம். இரண்டும் சரியே. முதலாவது கடிதத்தைச் சொல்கிறது, இரண்டாவது கடிதம் எழுதவைத்த கூட்டத்தைச் சொல்கிறது. 'டாப்பிள்' என்பது இன்னும் உரத்த சொல், ஆட்சியையே சாய்த்துவிடுவது. 'டிபோஸ்' பெரும்பாலும் மன்னர்களுக்கும் இராணுவம் இறக்கிய தலைவர்களுக்கும். 'ஸ்டெப் டவுன்' மட்டும் மரியாதையான சொல். ஆள் எவ்வளவு மோசமாகத் துரத்தப்பட்டிருந்தாலும் அரசின் அறிக்கையில் அவர் 'ஸ்டெப் டவுன்'தான் செய்திருப்பார்.

சி, ஓ, யூ, பி என்று எழுதும் சொல்லை எப்படி உச்சரிப்பது?

'கூ'. ஆட்சியை, பெரும்பாலும் இராணுவம், திடீரெனக் கைப்பற்றுவதைக் குறிக்கும் சொல். கடைசி 'பி' ஒலிக்காது, பிரெஞ்சிலிருந்து வந்தது. பன்மையில் 'கூஸ்'. 'கூப்' என்று சொன்னால் கேட்பவர் கோழிக்கூண்டு என்று நினைத்துக்கொள்வார், அப்படியும் ஒரு சொல் இருக்கிறது. கூடவே வரும், ஆட்சியைப் பிடித்த இராணுவக் குழுவைக் குறிக்கும் 'ஜுன்டா'வை பிரிட்டிஷார் பெரும்பாலும் 'ஜன்டா' என்றும், அமெரிக்கர்கள் 'ஹுன்டா' என்றும் சொல்கிறார்கள். மியான்மரில் 2021 பிப்ரவரி 1-க்குப் பிறகு வந்த செய்திகளில் அந்தச் சொல் இல்லாத நாள் அபூர்வம்.

உச்சரிப்பைவிடச் சுவையானது, இந்தச் சொல்லைச் சொல்லாமல் தப்பிக்கப் படும் பாடு. 2013 ஜூலை 3 அன்று எகிப்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட அதிபர் முகமது முர்சியை இராணுவம் இறக்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சியை இராணுவம் 'கூ' மூலம் கவிழ்த்தால் அந்த நாட்டுக்கு நிதியுதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். எகிப்துக்குப் போய்க்கொண்டிருந்ததோ ஆண்டுக்கு 130 கோடி டாலர் இராணுவ உதவி. ஒபாமா அரசு அந்தச் சொல்லைக் கடைசிவரை வாயில் எடுக்கவில்லை. அந்த வார அறிக்கைகளையும் பத்திரிகையாளர் சந்திப்புகளையும் படித்தால், சுற்றி வளைத்துப் பேசும் ஆங்கிலத்துக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

2017 நவம்பரில் ஜிம்பாப்வேயில் இராணுவ அதிகாரியே அரசுத் தொலைக்காட்சியில் சீருடையோடு வந்து, இது இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றும் செயலல்ல என்றார். ஒரு வாரத்தில் ராபர்ட் முகாபே பதவி விலகினார்.

கொரியச் செய்திகளில் 'செல்ஃப் கூ' என்று ஒரு தொடர் வரும். ஏற்கெனவே பதவியில் இருப்பவரே சட்டமன்றத்தை முடக்கி முழு அதிகாரத்தையும் பிடிக்கப் பார்ப்பது.

'புரோட்டெஸ்ட்', 'ரயட்', 'அப்ரைசிங்', 'இன்சரெக்‌ஷன்' — எதை எங்கே?

எழுதுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது என்று சொன்னால் பாதி உண்மை. 'டெமான்ஸ்ட்ரேஷன்', 'ராலி' அமைதியானவை. 'அன்ரெஸ்ட்' யாரையும் குற்றம் சொல்லாத பொதுச்சொல். ஒன்றும் தெரியாத முதல் நாளில் செய்தியாளர்களுக்குக் கைகொடுப்பது. 'ரயட்' வன்முறை. 2025 ஜனவரி 19 விடியற்காலையில் யூனின் ஆதரவாளர்கள் சியோலில் ஒரு நீதிமன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கினார்கள், அது 'ரயட்'. 'அப்ரைசிங்' என்று எழுதுபவருக்குப் பெரும்பாலும் அந்த மக்கள் மேல் கொஞ்சம் அனுதாபம் இருக்கும். வென்றபின் அதே எழுச்சி 'ரெவல்யூஷன்' ஆகிவிடும்.

'இன்சரெக்‌ஷன்' சட்டச் சொல்லும்கூட. அமெரிக்காவில் 2021 ஜனவரி 6 நிகழ்வுக்குப் பிறகு நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய கூட்டத்தைக் குறிக்க அது பரவலாகப் புழங்கியது. கொரியாவில் அதே சொல் அதிபர் மீதே பாய்ந்தது. பதவியில் இருக்கும் கொரிய அதிபர் மீது மற்ற குற்ற வழக்குகளைத் தொடர முடியாது. அரசுக்கு எதிரான கலகமும் தேசத்துரோகமும் விதிவிலக்கு. அதனால்தான் அந்த ஒரு சொல் அத்தனை செய்திகளிலும் திரும்பத் திரும்ப வந்தது.

தலைப்புகள் மட்டும் புரிவதே இல்லை. ஏன்?

ஆங்கிலத் தலைப்புகள் துணைவினையை விழுங்கிவிடும். 'யூன் அரெஸ்டட்' என்றால் யூன் யாரையோ கைது செய்தார் என்று படிப்பவர்கள் உண்டு. நடுவில் ஒரு 'வாஸ்' தொலைந்திருக்கிறது. யூன் கைது செய்யப்பட்டார் என்பதே செய்தி. 'அதிபர் கைது' என்று நாமும் வினையே இல்லாமல் தலைப்பு போடுகிறவர்கள்தாமே. நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்வார்கள்: 'கோர்ட் ரிமூவ்ஸ் பிரெசிடென்ட்'. இனி நடக்கப்போவதற்கு 'டு' போதும்: 'பிரைம் மினிஸ்டர் டு ரிசைன்'.

இடம் குறைவு என்பதால் குட்டிச் சொற்கள் அதிகம். விலகுவது 'குவிட்', விசாரணை 'புரோப்', சூளுரை 'வவ்', முயற்சி 'பிட்'. சச்சரவைக் குறிக்கும் 'ரவ்' என்ற சொல்லும் வரிசையைக் குறிக்கும் 'ரோ'வும் எழுத்தில் ஒன்றே. பேச்சில் இந்தக் குட்டிகளில் பலவற்றை யாரும் பயன்படுத்துவதில்லை. அலுவலகத்தில் மேலாளர் மாற்றலாகிப் போனதை 'அவுஸ்டட்' என்று சொன்னால் சிரிப்பார்கள். அல்லது விவரம் கேட்பார்கள்.

நம் ஊர் ஆங்கில நாளிதழ் போதாதா? வெளிநாட்டு ஊடகம் கட்டாயமா?

தொடங்குவதற்கு நம் ஊர் நாளிதழே நல்லது. ஆனால் 'பந்த்', 'கெராவ்', 'லத்தி சார்ஜ்', 'செக்‌ஷன் 144' எல்லாம் இந்திய ஆங்கிலம். லண்டனில் தடியடி என்றால் 'பேட்டன் சார்ஜ்'. எனவே ஒரே நாளின் செய்தியை இரண்டு இடங்களில் படியுங்கள்: கொரியாவுக்கு யோன்ஹாப் செய்தி நிறுவனத்தின் ஆங்கிலப் பக்கம், கூடவே ராய்ட்டர்ஸ் அல்லது பி.பி.சி. உள்ளூர் ஊடகம் விவரங்களை அடுக்கும். வெளிநாட்டு ஊடகம் அந்நாட்டு அரசியல் தெரியாத வாசகருக்காக ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே போகும். அந்த விளக்க வாக்கியங்கள்தாம் கற்பவருக்குப் பொருளகராதி. தலையங்கத்தை முதல் மாதம் தொடாதீர்கள்.

குறிப்பேட்டில் எப்படி எழுதிவைப்பது?

தனிச் சொல்லாக எழுதாதீர்கள்; பெயர்ச்சொல்லை நடுவில் போட்டு அதோடு சேரும் வினைகளைச் சுற்றி எழுதுங்கள். தமிழில் தடியடி நடத்துகிறார்கள், தடை விதிக்கிறார்கள், கண்ணீர்ப்புகைக் குண்டு வீசுகிறார்கள். மாற்றிச் சொன்னால் காது ஒப்பாது. ஆங்கிலத்திலும் அதே கண்டிப்பு உண்டு. 'ரெசிக்னேஷன்' என்று எழுதினால் பக்கத்தில் 'டெண்டர்', 'அக்செப்ட்', 'டிமாண்ட்', 'கால் ஃபார்'. 'புரோட்டெஸ்ட்' என்றால் 'ஸ்டேஜ்', 'ஜாயின்', 'குவெல்', 'பிரேக் அப்'. ஒவ்வொரு வினைக்கும் கீழே அதைச் செய்தவர் யார் என்று ஒரு சொல்: மக்கள், காவல்துறை, நீதிமன்றம், சபாநாயகர். 'குவெல்' செய்பவர், அதாவது அடக்குபவர், ஒருபோதும் மக்களாக இருக்க மாட்டார் என்பது பத்துச் செய்தி படிப்பதற்குள் தெரிந்துவிடும்.

போட்டித் தேர்வுகளுக்கு உதவுமா?

வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கும் கட்டுரைக்கும் உதவும். இலக்கணக் கேள்விகளுக்குத் தனியாகப் படிக்க வேண்டும்.

கொரியா முடிந்தது. அடுத்து?

நேபாளம், 2025 செப்டம்பர். சமூக ஊடகத் தடையில் தொடங்கி, 8-ஆம் தேதி இளைஞர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, 9-ஆம் தேதி பிரதமர் கே. பி. சர்மா ஒலி விலகி, நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து, 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். சில நாள்களே ஓடிய கதை. 'பேன்', 'ஓப்பன் ஃபயர்', 'ஸ்டெப் டவுன்', 'டார்ச்', 'இன்டரிம்', 'ஸ்வோர்ன் இன்' ஆகியவை அந்த வரிசையிலேயே வரும். முதல் வாசிப்பில் அகராதியைத் திறக்காதீர்கள். தெரியாத சொல்லின் அடியில் பென்சிலால் கோடு மட்டும் போடுங்கள். 8-ஆம் தேதிச் செய்தியில் சுட்டவர்கள் யார் என்று எழுதியிருக்கிறதா, 'ஷாட்ஸ் வேர் ஃபயர்டு' என்று மட்டும் நிறுத்தியிருக்கிறதா என்று ஒவ்வோர் ஊடகத்திலும் பாருங்கள்.